வாசனை இல்லாத தின்னர்

பேரைச் சொல்ல மாட்டேன். அவரோடு ஒரே மேசையில் நின்ற பெண்கள் நான்கு பேர் இன்னும் அந்தக் கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள். கம்பெனி பேரும் வேண்டாம். பேரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். அந்த இடத்தில் கையுறை வருவதற்குத்தான் வருஷக்கணக்கு ஆகும். எல்லோரும் கூப்பிட்ட மாதிரி மாஸ்க் அக்கா என்றே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா வந்து உலகமே மூக்கை மூடக் கற்றுக்கொள்வதற்கு முன்னாலேயே அக்கா மூடிக்கொண்டிருந்தார். நந்திதுர்க் பக்கம், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று கட்டிய பழைய மைன்ஸ் லைன் வீடு. காலையில் கம்பெனி பஸ் அங்கே நிற்கும்போதே முந்தானை மூக்குக்கு வந்திருக்கும். பஸ் கிளம்பினால் சயனைடு மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். தங்கம் எடுத்த கல்லை மாவாக அரைத்துக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மண் அது. வெயில் காலத்தில் காற்றடித்தால் கிணறு, கூரை, காயப்போட்ட துணி எல்லாம் வெளுத்துப்போகும். அந்த இடம் வந்ததும் அக்கா எழுந்து நின்று பஸ்ஸுக்கே கட்டளை போடுவார்.

"ஜன்னல சாத்துங்கமே! ஏய், போன்ல பேசிக்கினு கீறியே, உன்னத்தான். வாய மூடு, மூக்க மூடு. உங்கப்பன் இழுத்த இழுப்பு போதாதா?"

டிரைவருக்கும் விலக்கு கிடையாது. கன்னடக்காரர். "ஆயித்தம்மா, ஆயித்து" என்று சொல்லிக்கொண்டே ஒரு கையால் கர்சீப்பை மூக்கில் கட்டிக்கொள்வார். பஸ் முழுக்கச் சிரிக்கும். சிரித்துக்கொண்டே சாத்துவோம்.

யாரும் எதிர்த்துப் பேச மாட்டோம். அந்தப் பயம் இல்லாத வீடு எங்கள் ஊரில் ஏது? அக்காவின் அப்பா சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டவர். கல்தூசி நெஞ்சில் அடைத்து, படுத்தால் மூச்சு நின்றுவிடும் என்று பயந்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கடைசி மூன்று வருஷம் தூங்கியவர். அப்பா இருமித் துப்பக் கிண்ணம் பிடித்தது பத்து வயது அக்காதான். "எங்கப்பன் சாவசொல்ல ஒரே வார்த்ததான் சொன்னாரு. மூக்கால போறதுதாம்மா மனுசன கொல்லும், மூக்க பாத்துக்கோன்னாரு" என்று சொல்வார். சொல்லும்போது மாஸ்க்கை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஹைவேயை ஒட்டிய தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி. வாஷிங் மெஷின், வண்டி இவற்றின் முகப்பில் ஒட்டுகிற பிளாஸ்டிக் தகட்டில் எழுத்தும் கோடும் அச்சடித்துக் கொடுப்பது தொழில். மெல்லிய வலையை இழுத்துக் கட்டிய சட்டத்தை வைத்து அச்சடிப்பார்கள். அதற்கு ஸ்கிரீன் என்று பேர். வலைக்கண்ணில் இங்க் காய்வதற்குள் ஸ்கிரீனை, இங்க்கைக் கரைக்கிற தின்னரில் கழுவியாக வேண்டும். அக்காவுக்கும் அந்த நான்கு பெண்களுக்கும் அதுதான் வேலை. ட்ரேயில் தின்னரை ஊற்றி, பனியன் வேஸ்ட் துணியை அதில் முக்கி, வெறுங்கையால் தேய்ப்பார்கள். எட்டு மணி நேரம். நான் ஸ்டோரில் இருந்தேன். பூட்டும் சாவியும் என்னிடம். கேனோ துணியோ மாஸ்க்கோ, எது வேண்டுமென்றாலும் என் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும்.

முதலில் இருந்த தின்னர் காட்டமான சரக்கு. மூடியைத் திறந்தால் கேன்டீன் சாம்பாரில்கூட அந்த வாடை அடிக்கும். அக்கா கம்பெனி கொடுத்த மாஸ்க்கைப் போட்டு, அதன்மேல் ஈரத் துணியைக் கட்டி, மற்ற நால்வருக்கும் அதே மாதிரி கட்டிவிடுவார். எவளாவது புழுக்கம் தாங்காமல் துணியை இறக்கினால் தலையில் ஒரு குட்டு விழும். அப்படியும் ஒரு நாள், நால்வரில் சின்னவள், மேசைமேலேயே மயங்கிச் சாய்ந்தாள். அக்கா கையிலிருந்த துணியை ட்ரேயில் வீசிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான்கு பேரும் பின்னால் போனார்கள். கொஞ்ச நேரத்தில் பேக்கிங் பெண்களும் போனார்கள்.

மேனேஜர் வந்தார். டார்கெட் இருக்கிறது, ஆர்டர் இருக்கிறது என்று ஆரம்பித்தார்.

"டார்கெட்டு எங்க மூக்குல கீதா சார்?" என்றார் அக்கா. "அந்த நாத்தம் போற வரைக்கும் உள்ள கால் வெக்க மாட்டோம்."

இரண்டு நாள் நின்றார்கள். எங்கள் ஊர் ஆட்கள் மூக்கு என்று வந்துவிட்டால் விட மாட்டார்கள் என்று மேனேஜருக்குப் புரிந்துபோனது. மூன்றாம் நாள் இறங்கி வந்தார். பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுகிறேன், மாஸ்க் தினமும் புதிது, தின்னரையே மாற்றுகிறேன், வாசனையே இல்லாத சரக்கு ஒன்று இருக்கிறது என்றார். சொன்னபடி எல்லாம் செய்தார். செய்யட்டும், நாசமாய்ப் போகட்டும்.

புது கேன் வந்த அன்று அக்காவே ஸ்டோருக்கு வந்து மூடியைத் திறந்தார். எங்களுக்கு எதிரிலேயே மாஸ்க்கை இறக்கி, நெருங்கி, மோந்து பார்த்தார். அவர் அப்படிச் செய்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. லேசாக ஒரு இனிப்பு வாடை, அவ்வளவுதான்.

"இன்னாமே இது, சர்பத்து மாரி கீது!" என்றார். கண் கலங்கிவிட்டது. "எங்கப்பன் இருந்தா இட்டாந்து காட்டியிருப்பேன்."

மறுநாள், கிறிஸ்துமஸுக்குச் சுடுகிற ரோஸ் குக்கீஸை, அச்சு முறுக்கைத்தான் அப்படிச் சொல்வோம், ஆடி மாதத்தில் சுட்டு, பெரிய டப்பாவில் எடுத்து வந்து கம்பெனி முழுக்கக் கொடுத்தார். மேனேஜருக்கும் ஒன்று கொடுத்தார். அந்த ஆள் அதை வாங்கித் தின்றான்.

நானும் தின்றேன். தின்றுகொண்டேதான் அந்தத் தாளைப் படித்தேன். புதிய சரக்கு எது வந்தாலும் கூடவே ஆங்கிலத்தில் ஒரு கற்றைத் தாள் வரும்: இது என்ன, தீப்பிடிக்குமா, உடம்பில் பட்டால் என்ன செய்யும் என்று. நான் பி.காம். எனக்கு ஆங்கிலம் வரும். தெளிவாக எழுதியிருந்தது. தோல் வழியாக உடம்புக்குள் புகும். ரத்தத்தைக் கெடுக்கும். இதற்கென்று உள்ள தடித்த ரப்பர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. விற்றவன் அனுப்பியிருந்த பட்டியலிலும் கேனுக்கு அடுத்த வரியில் கையுறை இருந்தது. அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, தேவையில்லை என்று ஆங்கிலத்தில் எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? தோல் என்றால் அரிப்பு, சொறி என்று நினைத்துக்கொண்டேன். ரத்தம் என்ற சொல் கண்ணில் படத்தான் பட்டது. குடித்தால் கெடுக்குமாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விரலில் ஒட்டியிருந்த துணுக்கை உதறிவிட்டு, தாளில் துளை போட்டு ஃபைலில் மாட்டினேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

நாற்றம் போனதும் பயமும் போனது. முன்பாவது தின்னர் என்றால் விரல் நுனியோடு நிறுத்திக்கொள்வார்கள். இப்போது மணிக்கட்டு வரை முக்கினார்கள். ஷிஃப்ட் முடிந்து இங்க் கறையைக் கழுவுவதும் அதிலேதான். பொங்கலோ கிறிஸ்துமஸோ வந்தால் முந்தின நாள் அக்கா ஒரு காரியம் செய்வார். நான்கு பெண்களையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருத்தி கையையும் தன் கையில் வாங்கி, தின்னரில் நனைத்த துணியால் விரல் விரலாக, நகக்கண் நகக்கண்ணாகத் துடைத்துவிடுவார். "கம்பெனி கை தெரியக்கூடாதுமே. கோயிலுக்குப் போறச்ச பொம்பள கை மாரி இருக்கணும்." ஒரு வருஷம் என்னையும் கூப்பிட்டார். ஸ்டாம்ப் பேட் மை என் விரலில் ஏறிக் கிடந்தது. துடைத்துவிட்டார். சில்லென்று இருந்தது. வலிக்குதா என்று வேறு கேட்டார். அவ்வளவு நேரமும் அவருடைய மாஸ்க் மூக்கைவிட்டு ஒரு அங்குலம் இறங்கவில்லை.

கை வெடித்தபோது தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னது நான்தான். ஸ்டோரில் எனக்கென்று வைத்திருந்த பாட்டிலையே கொடுத்தேன். பெரிய உபகாரம் செய்தேன் பாருங்கள்.

அக்கா வெளுக்க ஆரம்பித்தார். உதடு வெளுத்தது, நகம் வெளுத்தது. வாரம் ஒரு நாள் வருகிற கம்பெனி டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கம்மி, லேடீஸுக்கு இது சகஜம், கீரை சாப்பிடும்மா என்று மாத்திரை கொடுத்தார். கையைப் பார்க்கவில்லை. கையால்தான் மாத்திரையை வாங்கினார் அக்கா, அப்போதும் பார்க்கவில்லை.

"ஈரல தின்னு, ஈரல தின்னுன்றாங்க. நான் தின்ன தீனிக்கு பேத்தமங்களா பக்கம் ஆடே தீந்துபோயிருக்கும். ரத்தம் மட்டும் வரமாட்டேங்குது" என்று சிரிப்பார். இரண்டு படி ஏறி பஸ்ஸுக்குள் வருவதற்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

ஒரு நாள் சயனைடு மேடு வந்தது. அக்கா எழுந்து நிற்கவில்லை. கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பஸ்ஸை மெதுவாக ஓட்டினார். அப்புறம் அவரே கர்சீப்பைக் கட்டிக்கொண்டு, "ஜன்னல் சாத்துங்கம்மா" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ரயிலேறி பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு சின்னப் பெண் டாக்டர். திரும்பி வந்த அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் ஜன்னலில் வந்து நின்று சொன்னார்.

"அந்தம்மா மொதல்ல கையத்தான் பாத்தாங்கமே. இத்த வெச்சிக்கினு இன்னா வேல செய்றீங்கன்னு கேட்டாங்க. ஸ்கிரீன் கழுவறேன்னு சொன்னேன். கையுறை போடறீங்களான்னாங்க. எங்க கம்பெனில தெனம் புது மாஸ்க்கு குடுக்கறாங்க டாக்டரம்மான்னு பெருமையா சொன்னேன். அந்தம்மா பேனாவ கீழ வெச்சிட்டு என்னியே பாக்கறாங்க."

"அப்புறம்?"

"அந்த தின்னர் பேர் வேணுமாம். கேனோட ஒரு பேப்பர் வருமாமே, அத்த காப்பி எடுத்தாரச் சொன்னாங்க. உங்கிட்டதான கீது?"

ஃபைல் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும்.

"நாளைக்குத் தரேன்கா" என்றேன்.

ஹெச்.ஆரைக் கேட்டேன். கம்பெனி பேப்பர் வெளியே போகக் கூடாது, போனால் யார் கொடுத்தது என்று விசாரணை வரும் என்றார்கள். பயந்துவிட்டேன். வேறு சமாதானம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அக்கா தினமும் கேட்டார். நான் தினமும் நாளைக்கு என்றேன். பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அக்கா ஸ்கிரீன் கழுவினார். கேனை எடுத்துக் கொடுத்தது நான்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே தாளைக் காப்பி எடுத்து டிபன் பைக்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன். அக்கா வீட்டுக்குப் போனேன். ஜன்னல்கள் சாத்தியிருந்தன. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். சர்ச்சுக்குப் போகக்கூட முடியவில்லை என்றார். படி என்றார். ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தைத் தமிழில் சொன்னேன். தோல் வழியாகப் புகும் என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"மூக்கால இல்லியா?"

"மூக்கால கொஞ்சம்கா. கையாலதான் நிறைய."

தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்க் துளிகூட இல்லாத, சலவை செய்தது போன்ற சுத்தமான கை. அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இத்த நீ எப்ப படிச்ச?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. "ரோஸ் குக்கீஸ் குடுத்தீங்களே, அன்னிக்குதான்கா" என்றேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் இன்றைக்கு நன்றாகத் தூங்குவேன். குனிந்து மறுபடி தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "எல்லாருக்கும் நானே தொடச்சி உட்டேனே" என்றார். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அழுது ஓய்ந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமே இல்லை. "என்ன உட்ரு. நாளிக்கே போய் அந்த பொண்ணுங்க கைய ட்ரேலேர்ந்து வெளிய எடு. சின்னவளுக்கு தை மாசம் கல்யாணம் வெச்சிருக்காங்க. கேக்குதா?"

போனேன். நேராக மேனேஜரிடமே போனேன். அவர் ஒரு சான்றிதழை மேசைமேல் போட்டார். காற்றைச் சோதித்து எடுத்தது. அந்த ஹாலின் காற்றில் எல்லாம் அளவுக்குள் இருக்கிறதாம்.

"காத்துல இல்ல சார். கைல படறதுதான்" என்றேன்.

"வாசனையே இல்லாத சரக்கும்மா. உங்க ஆளுங்க மரத்தடில நின்னு கேட்டு வாங்கினதுதானே? இப்ப அதுவும் ஆகாதா?"

எங்கள் ஆட்கள் கேட்டு வாங்கியதாம்! கேட்டது மூச்சு. அவன் கொடுத்தது வேறு. எங்கள் ஊர்க்காரிக்கு மூக்கில் மட்டும்தான் பயம் என்று தெரிந்துகொண்டு, மூக்குக்கு வேண்டியதை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, சிவப்பு மையால் ஒரு வரியை அடித்தவன் அவன். அன்றைக்கே அவன் முகத்தில் அந்தப் பட்டியலை விட்டெறிந்திருக்க வேண்டும். நான் நின்றேன், சரி சார் என்றேன், வந்தேன். என் தொல்லை தாங்காமல் ஆஸ்பத்திரியில் போடுகிற மெல்லிய கையுறை ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தார்கள். தின்னரில் பட்டதும் அது உப்பி, கொழகொழத்து, விரலோடு ஒட்டிக்கொண்டது. "தின்னர் உள்ளயே நின்னு கை ஊறுதுக்கா, இதுக்கு சும்மாவே இருக்கலாம்" என்று கழற்றி வீசிவிட்டு மறுபடி வெறுங்கையை முக்கினார்கள். ஸ்டோரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பில் எதிர்த்து நிற்க ஒன்றும் மிச்சமில்லை என்றாராம் அந்தச் சின்ன டாக்டர். ரத்தம் ஏற்றினார்கள், ஏற்றிய ரத்தம் உடம்பில் நிற்கவில்லை. இறப்புச் சான்றில் காய்ச்சல் என்றும் ரத்தசோகை என்றும் எழுதியிருக்கிறது. பதினோரு நாள் முன்னாலேயே நான் தாளைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

சனிக்கிழமை அடக்கம். எங்கள் ஊரில் கிறிஸ்தவர் வீட்டுச் சாவுக்குப் பெட்டி வாங்கினால் கூடவே கடைக்காரர் ஒரு வெள்ளைப் பொட்டலம் தருவார். அங்கி, சாக்ஸ், கையுறை. நான் இந்து வீட்டுப் பெண். பார்த்திருக்கிறேன், தொட்டதில்லை. அக்காவைக் குளிப்பாட்டி வெள்ளை உடுத்தி, மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். கையுறை மாட்ட ஆள் தேடியபோது நான் முன்னால் போனேன். விரல்கள் மடங்கவில்லை. மறுபக்கம் வந்து உதவி செய்தது சின்னவள். ஒரு கையுறையை நான் இழுத்தேன், இன்னொன்றை அவள் இழுத்தாள். வெள்ளைத் துணிக்குள் அக்காவின் கை போய்விட்டது. அதன்மேல் சின்னவளின் கை இருந்தது. கறை இல்லாமல் பளிச்சென்று, விரல் சந்தெல்லாம் வெடித்து, வெறுங்கையாக. சவப்பெட்டி விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது கைக்கு ஒன்று போட வேண்டும் என்று.

என்னை வேலையைவிட்டு நிறுத்தியது அடுத்த வாரம். முழங்கை வரைக்கும் கறுப்பாகத் தடித்த கையுறை அங்கே வந்தது அதற்கும் பிறகு. கையுறை போட்ட பெண்களோடு மேனேஜர் நிற்கிற படத்தை கேட்டுக்குப் பக்கத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறார்களாம். மாட்டட்டும். நான் சொல்ல வந்தது அடக்கம் முடிந்து வந்த திங்கட்கிழமையைப் பற்றி.

ஷிஃப்ட் மணி அடித்ததும் சூப்பர்வைசர் ஜன்னலுக்கு வந்து கேன் கேட்டான். ஸ்டோரைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றேன்.

"கையுறை வரட்டும்" என்றேன்.

"அதான் ஒரு பாக்ஸ் வாங்கி குடுத்தாச்சே?"

"தின்னர்ல கரையாத கையுறை. கேனோட வந்த பேப்பர்ல போட்டிருக்கறது."

நான்கு பெண்களும் அவன் பின்னால் வந்து நின்றார்கள். நால்வர் முகத்திலும் மாஸ்க். கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் திரும்பி அவர்களைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான்.

"இன்னாம்மா புதுசா? இத்தினி வருஷத்துல இந்த டேபிள்ல ஒருத்தியாச்சும் கையுறை போட்டு நீ பாத்திருக்கியா?"

"பாத்தேன் சார்" என்றேன். "மாஸ்க் அக்கா போட்டுக்கினுதான் போனாங்க. முந்தாநேத்து நாந்தான் மாட்டி உட்டேன்."